நாளை மூணு மணிக்குள் வேலப்பன் வாபஸ் வாங்க வேண்டும்

நாயுடுபுரம், கொடைக்கானல்.
வியாழக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம்.

மதிப்புக்குரிய மச்சான் சைமன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை சூசையம்மாளைக் கைப்பிடித்த ஜெரால்டு பணிவுடன் வரைவது. மாதாவின் இரக்கத்தாலும் உழைக்கும் மக்களின் தயவாலும் நாங்கள் இருவரும் இங்கே சுகமாயிருக்கிறோம். வத்தலக்குண்டில் தாங்களும், வீட்டிலுள்ளோரும், தங்கள் கட்சியின் வட்டக் குழுவும் அதேபோல் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். தங்கள் வட்டக் குழுவுக்காக நான் வேண்டிக்கொண்டது எங்கள் கட்சிக்குத் தெரிந்தால் விளக்கம் கேட்பார்கள், ஆகவே இது நமக்குள் இருக்கட்டும். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து என் நம்பரைத் தாங்கள் பிளாக் பண்ணி வைத்திருப்பதால் இதைக் காலை முதல் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடுதாசியை பிளாக் பண்ண இன்னும் பட்டன் எதுவும் வரவில்லை என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை வெள்ளிக்கிழமை பகல் மூணு மணியோடு நகராட்சித் தேர்தலுக்கு வேட்புமனு வாபஸ் வாங்கும் நேரம் முடிகிறது. நம் வார்டில் எங்கள் கட்சி சார்பில் தங்கள் தங்கை நிற்கிறாள். தங்கள் கட்சி சார்பில் பூண்டு விவசாயி வேலப்பன் நிற்கிறார். இரண்டு பேரும் செங்கொடி. இரண்டு பேரும் நின்றால் இரண்டு பேரும் தோற்பார்கள். ஆகவே, வேலப்பனுக்கு மேலிடம் என்ற முறையில் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி அவரை வாபஸ் வாங்க வைக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதை ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி மூடிக் கெடக்கு, எதிர்வீடு இருக்கா இல்லையான்னே தெரியல, இந்த மாதிரி நேரத்துல ஒரு வரியோட நிறுத்த எனக்கு வராது. தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம்ம வார்டு உங்களுக்குத் தெரியாததில்ல. நாயுடுபுரத்து மேட்டு வீடுகள்ல லாட்ஜுகள்ல ரூம் கழுவற நம்ம மாதா கோயில் பொம்பளைங்க. அட்டுவம்பட்டிப் பக்கம் பூண்டும் கேரட்டும் போடற வேலப்பனோட சொந்தக்காரங்க. இந்த ரெண்டு கூட்டத்தையும் ரெண்டு பெரிய கட்சிக பாகம் பிரிச்ச மாதிரி வச்சிருக்கு. நம்ம பொம்பளைங்க சண்முகராஜுக்குக் குத்துவாங்க, பூண்டுக்காரங்க பழனிக்குமாருக்குக் குத்துவாங்க. ஒரு தடவை அவர் கவுன்சிலர், மறு தடவை இவர் கவுன்சிலர். ரெண்டு பேருமே லாட்ஜ் முதலாளி. ரெண்டு லாட்ஜுக்கும் நடுவுல ஒரே காம்பவுண்டுச் சுவர், பங்குல ஒரே தண்ணி லாரி. மேடையில ஏறினா ஒருத்தர் வண்டவாளத்தை ஒருத்தர் எடுத்து விடறாங்க, காலையில பாத்தா லாரி ரெண்டு கேட்டுக்குள்ளயும் ஒழுங்காப் போயிட்டு வருது. நம்ம தெருவுக்கு அது வாரத்துல ஒரு நா வந்தாப் பெரிசு. ஒற்றுமைன்னா அதுதான் மச்சான் ஒற்றுமை. கமிட்டி கிடையாது, தீர்மானம் கிடையாது, திருத்தம் கிடையாது.

உங்க தங்கச்சி நாள் பூரா அந்த லாட்ஜ்ல டூரிஸ்ட்டுக தொறந்து போட்டுட்டுப் போன ஷவரை மூடறா. பாத்ரூம் பாத்ரூமாக் கழுவறா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவ அரைச் சொம்புத் தண்ணிக்குக் குடத்தைச் சாய்க்கிறா. அவ ஜெயிக்கணும். ஜெயிச்சு அந்த லாரிய நம்ம தெருவுல நிறுத்தணும். எனக்கு இந்த வயசுல வேற ஆசையே கிடையாது மச்சான், ஆண்டவர் மேல ஆணை.

நான் டெலஸ்கோப் காட்டற சோலியில இருந்து ரிட்டயர் ஆனவன்னு உங்களுக்குத் தெரியும். அந்தச் சோலியில என்ன விசேஷம்னா, பாதி நாள் பனி மூடிக் கெடக்கும். டூரிஸ்ட்காரன் காசைக் குடுத்துட்டுக் கண்ணை வச்சு, ஒண்ணுமே தெரியலையேம்பான். கொஞ்சம் பொறுங்க சார், விலகினா அந்தா அங்கன வைகை அணை, இந்தப் பக்கம் பெரியகுளம், வெயில் பட்டா வயக்காடு பச்சையாத் தெரியும்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். முக்காவாசிப் பேரு வெறும் வெள்ளையப் பாத்துட்டு, சூப்பர்ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அப்படிச் சொல்லிச் சொல்லியே எனக்கும் பனிக்கு அந்தப்பக்கம் எல்லாம் தெரிய ஆரம்பிச்சிருச்சு. இந்தத் திறமையப் பாத்துத்தான் என்னை இடதுசாரி ஒற்றுமைக் குழுவுக்கு அமைப்பாளராப் போட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

நாம பிரிஞ்ச கதைய ஒரு தரம் பேசிருவோம், மனசுல வச்சுக்க வேண்டாம். நம்ம வீட்டுப் பிள்ளை ஃபெமினா கோயில்ல முதல் நற்கருணை, அதான் புதுநன்மை, வாங்கின அன்னைக்கு, விருந்துப் பந்தியில, ரெண்டு பெரிய கட்சியில ஒண்ணோட சேர்ந்து நிக்கணும்னு நான் சொன்னேன், ரெண்டுக்கும் சம தூரத்துல தனியா நிக்கணும்னு நீங்க சொன்னீங்க. பிரியாணி ஆறிப்போச்சு, கட்சியும் ரெண்டாப் போச்சு. அதுக்கப்புறம் நாம முகம் குடுத்துப் பேசினதே இல்ல. ஆனா வீட்டுல தனியாப் படுத்து யோசிச்சதுல மச்சான் சொன்னதுதான் சரின்னு எனக்குப் பட்டுச்சு, எங்க கட்சியில எடுத்துச் சொல்லி எல்லாரையும் தனியா நிக்கற பக்கம் திருப்பினேன். அதே சமயத்துல நீங்க அங்க உக்காந்து ஜெரால்டு சொன்னதுதான் சரின்னு உங்க கட்சியக் கூட்டணிப் பக்கம் திருப்பிட்டீங்களாம். ரெண்டு பேரும் ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் ஒத்துக்கிட்டோம், ஒரே நேரத்துல ஒத்துக்கிட்டதுல மறுபடியும் எதிரெதிராவே வந்து நின்னுட்டோம். யாராவது ஒருத்தர் கொஞ்சம் பிடிவாதமா இருந்திருந்தா இன்னைக்கு ஒரே கட்சியா இருந்திருப்போம். இப்ப உங்களுக்குப் பெரிய கட்சிக்காரங்க கூட்டணியில ஒரு வார்டுகூடத் தராததால நீங்களும் தனிதான், நாங்களும் தனிதான். தனியா நிக்கறதுல மட்டும் நமக்குள்ள கருத்து வேறுபாடே கிடையாது.

ஊர்ல நம்ம ரெண்டு கட்சியையும் யாரும் பேரைச் சொல்லிக் கூப்பிடறதில்ல. எங்களை மேக்கடைக்காரங்கன்னும், உங்க ஆளுகளைக் கீழ்க்கடைக்காரங்கன்னும் சொல்றாங்க. ஒரே படிக்கட்டு, மேல ஒரு டீக்கடை, கீழ ஒரு டீக்கடை. நம்ம கொள்கை வேறுபாடு அவங்களுக்கு டீயோட தரத்துலதான் தெரியுது.

இப்ப அந்தப் பனிக்கூட்டத்துக்கு வரேன். அதைப் பத்தி உங்ககிட்ட யார் யாரோ என்னென்னமோ சொல்லியிருப்பாங்க, நடந்தது இதுதான். போன சனிக்கிழமை சாயங்காலம் நாயுடுபுரம் முக்குல எங்க தெருமுனைக் கூட்டம். அதே முக்குல அதே நேரத்துக்கு உங்க ஆளுகளும் கூட்டம் போட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் மைக்செட்டுக்குச் சொன்னது ஒரே செல்வமுருகன்கிட்ட. அவன் யோசிச்சுப் பாத்துட்டு, ஒரே முக்கு, ஒரே கொடி, ஒரு செட்டு போதும்னு ஒரு குழாய் ஸ்பீக்கரை மேட்டைப் பாத்தும் இன்னொண்ணைப் பள்ளத்தைப் பாத்தும் கட்டிட்டான். எங்களுக்குப் பேச வேண்டிய திண்டுக்கல் தோழர் வந்த பஸ்ஸு மலைப்பாதையில ஒரு கொண்டை ஊசி வளைவுல படுத்துக்கிச்சு. அது தெரியாம நாங்க உக்காந்திருக்கோம். திடீர்னு பள்ளத்துல இருந்து பனி ஏறி வந்துச்சு பாருங்க, பக்கத்து நாற்காலியக் காணோம், என் முழங்கையக் காணோம், எல்லாம் வெள்ளையாப் போச்சு. குளிர் ஒரு மாதிரி மெத்துன்னு இருந்துச்சு. எனக்குக் கண்ணைச் சொக்கிச்சு.

அப்பத்தான் மைக்குல ஒரு குரல் வந்துச்சு. இந்த மலையில பெய்யற மழை யாரு வீட்டுச் சொத்துன்னு கேட்டுச்சு. நம்ம பொம்பளைங்க கை தண்ணியிலயே ஊறிப்போய்க் கெடக்கு, வீட்டுல குடம் காஞ்சு கெடக்கு, இது என்ன நியாயம்னு கேட்டுச்சு. இடிக்கல, கத்தல, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கை தட்டினேன். எனக்கு முன்னாடி தட்டறாங்க, பின்னாடி தட்டறாங்க, பள்ளத்துக்குள்ள இருந்து தட்டறாங்க, நம்ம கட்சிக்கு இவ்வளவு ஆள் எப்படா வந்துச்சுன்னு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சிவப்புத் துண்டை எடுத்துக்கிட்டுத் தடவித் தடவிப் போய்த் திண்டுக்கல் தோழருக்குப் போட்டுக் கட்டிப் பிடிச்சேன். பூண்டு வாசனை அடிச்சது. வழியில எங்கயோ நல்லாச் சாப்பிட்டு வந்திருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன்.

காத்து அடிச்சுச்சு, பனி விலகிச்சு. என் கைக்குள்ள வேலப்பன் நிக்கிறார். எங்க ஆளுக உங்க ஆளுகளோட தோளோட தோள் உரசி உக்காந்திருக்காங்க. மெதுவா எந்திரிச்சு அவங்கவங்க நாற்காலியத் தூக்கிக்கிட்டு நகர ஆரம்பிச்சாங்க. நம்ம பொம்பளைங்க மேட்டுப் பக்கம், பூண்டுக்காரங்க பள்ளத்துப் பக்கம். நடுவுல வெறும் ரோடு. அழுகை வந்துச்சு எனக்கு. உங்க தங்கச்சி மட்டும் படியில நின்னுக்கிட்டு யார் யார் எந்தப் பக்கம் போறாங்கன்னு கவனமாப் பாத்துக்கிட்டே இருந்தா. வீட்டுக்கு வந்து ரசத்துக்குப் பூண்டு தட்டினா, அவ்வளவுதான்.

திங்கக்கிழமை எங்க கட்சியில இருந்து எனக்கு நோட்டீஸ், எதிரணி வேட்பாளருக்குத் துண்டு போட்டது ஏன்னு. அன்னைக்கே உங்க கட்சியில இருந்து வேலப்பனுக்கு நோட்டீஸ், துண்டை வாங்கிக்கிட்டது ஏன்னு. ரெண்டு பேருக்கும் விளக்கம் எழுத வரல, அதனால படிக்கட்டுல சேர்ந்து உக்காந்து, அவருக்கு நான் சொன்னேன், எனக்கு அவர் சொன்னார், பனியின் காரணமாக என்று ரெண்டு பேரும் முடிச்சோம். அப்பவே வேலப்பன்கிட்ட மனசு விட்டுக் கேட்டேன், தம்பி, நீங்க விலகிக்கிட்டா நல்லா இருக்குமேன்னு. பாப்போம்ணேன்னு சொல்லிட்டு அவர் மரத்தை அண்ணாந்து பாத்தார். நல்ல மனுஷன். ஆனா மேலிடம் சொல்லாம எப்படி விலகுவார்?

ஒற்றுமைக் குழு நேத்துக்கூட உக்காந்துச்சு. மேக்கடையிலயும் வேண்டாம், கீழ்க்கடையிலயும் வேண்டாம்னு படிக்கட்டு நடுவுல உக்காந்தோம். மேல இருந்து ஒரு டீ, கீழ இருந்து ஒரு டீ, எதை முதல்ல குடிக்கறதுன்னு ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே இருந்ததுல ரெண்டும் ஆறிப்போச்சு. ஒற்றுமைக்காக எந்தத் தியாகத்தையும் செய்யணும்னு ரெண்டு கட்சியும் ஏகமனதா ஒத்துக்கிட்டோம். யார் செய்யணும்ங்கறதுலதான் ஒத்துவரல. போன தடவை நாங்க வாங்கின ஓட்டையும் நீங்க வாங்கின ஓட்டையும் சேர்த்துக் கூட்டினா ஜெயிச்ச லாட்ஜ்காரரை விட நாமதான் ஒசத்தி. இந்தக் கூட்டலை நான் குழுவுல நாலு தரம் போட்டுக் காட்டிட்டேன். கணக்கு சரிதான்னு எல்லாரும் சொல்றாங்க, எந்திரிச்சுப் போயிடறாங்க.

குழு கலைஞ்சப்புறம் அந்தப் படியிலயே சாஞ்சு கொஞ்சம் கண்ணசந்தேன். கனவு வந்துச்சு. சொல்றேன், சிரிக்காதீங்க. படிக்கட்டெல்லாம் வழுக்கிக்கிட்டுப் போயி மேக்கடையும் கீழ்க்கடையும் ஒண்ணா வந்து நின்னுருச்சு. ஒரே நீளப் பெஞ்சு, ஏரி வரைக்கும் போகுது. நம்ம ஆளுக எல்லாரும் அதுல உக்காந்திருக்கோம், யாரும் தீர்மானம் கொண்டு வரல. சண்முகராஜும் பழனிக்குமாரும் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நமக்கு டீ ஊத்திக் குடுக்கறாங்க, ஏலே இன்னொரு டீன்னு நான் கேக்கறேன், இந்தா அண்ணேன்னு தராங்க. லாரி வந்து நிக்குது. சூசை குழாயத் தொறந்து விடறா. தண்ணி சத்தமே இல்லாமத் தெரு பூரா போகுது, எல்லாரும் காலை நீட்டி நனைச்சுக்கறாங்க. நீங்க என் பக்கத்துல உக்காந்திருக்கீங்க. ஜெரால்டு, கொஞ்சம் தள்ளி உக்காருன்னு சொல்றீங்க. நான் தள்ளி உக்காந்தேன். அவ்வளவுதான் கனவு. முழிச்சுப் பாத்தா மேல சொன்ன ரெண்டு ஆறின டீயும் அப்படியே இருந்துச்சு, நானே குடிச்சுட்டு வந்தேன்.

எங்க விட்டேன்? வாபஸ். உங்க தங்கச்சி ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உங்களுக்குத் தவறாம போன் பேசறாளே, நீயே உங்க அண்ணன்கிட்ட இதைக் கேளேன்னு எவ்வளவோ சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறா. சிரிக்கறா. அவளுக்கு ரோஷம்னு நெனைக்கிறேன். எனக்கு அதெல்லாம் கிடையாது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன் மச்சான். கட்சிக்காக வேண்டாம், எனக்காக வேண்டாம், கூடப் பிறந்தவளுக்காக வேலப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாளைக்கு மூணு மணி தாண்டினா நம்ம கையில ஒண்ணும் இல்ல.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் மாதாவின் ஆசீர் என்றும் உண்டாவதாக. தங்கள் வட்டக் குழுவுக்கு என் தோழமை வணக்கத்தைத் தெரிவிக்க வேண்டாம், மனசுக்குள் வைத்துக்கொள்ளவும். புரட்சி ஓங்குக. சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கும்
ஜெரால்டு,
அமைப்பாளர், இடதுசாரி ஒற்றுமைக் குழு.

பின்குறிப்பு: மச்சான், மேல எழுதினது அத்தனையையும் மறந்துருங்க. கவர் ஒட்ட சோத்துப் பருக்கை தேடி அடுப்படிக்குப் போனேன், சூசை எந்திரிச்சு வந்து கடுதாசிய நின்ன வாக்குல முழுசா வாசிச்சுட்டா. முதல்ல சிரிச்சா. அப்புறம் என்னை உக்காரச் சொல்லிட்டு மெதுவாச் சொன்னா: "வேலப்பன் அண்ணன் விலகினா அவர் சனம் எனக்கா போடும்? நேரா பழனிக்குமாருக்குப் போயிரும். நான் விலகினா நம்ம பொம்பளைங்க சண்முகராஜுக்குத் திரும்பிருவாங்க. ரெண்டு பேரும் நின்னாத்தாங்க ரெண்டு லாட்ஜுக்கும் ஓட்டு குறையும். எங்கள்ல யாராவது ஒருத்தர் வருவோம். யார் வந்தாலும் லாரி தெருவுக்கு வரணும், அப்படித்தான் பேசியிருக்கோம்."

யார் யாரு பேசினீங்கன்னு கேட்டேன். அவளும் வேலப்பனும், போன்ல நீங்களுமாம். தேர்தல் அறிவிச்ச வாரமே பேசி முடிச்சாச்சாம். என் நம்பரை பிளாக் பண்ணச் சொன்னதே அவதானாம், உங்க வாயில இருந்து எனக்கு விஷயம் தெரிஞ்சா நான் மேக்கடையில உக்காந்து எல்லாருக்கும் சொல்லிருவேன்னு. அப்ப இடதுசாரி ஒற்றுமை நடந்து முடிஞ்சு நாளாச்சு. ஒற்றுமைக் குழு அமைப்பாளருக்கு மட்டும்தான் தகவல் வரல. எனக்குக் கோவம் வந்துச்சு மச்சான், இல்லைன்னு சொல்லமாட்டேன். அப்புறம் அவ சொன்ன கணக்கை நானும் போட்டுப் பாத்தேன். சரியாத்தான் வருது. அதனால வேலப்பன் நிக்கட்டும், அவர் ஒண்ணையும் வாபஸ் வாங்க வேண்டாம். நான் இந்தக் கடுதாசிய வாபஸ் வாங்கிக்கறேன். பக்கம் பக்கமா எழுதினதைக் கிழிக்க மனசு வராததாலதான் அனுப்பறேன்.

இன்னும் ஒண்ணு சொல்லச் சொன்னா. நாம ஒண்ணு சேர்ந்துட்டோம்னு லாட்ஜ்காரங்களுக்குச் சந்தேகம் வந்துரக் கூடாதாம். அதனால நாளைக்கு மூணு மணிக்கு நகராட்சி ஆபீஸ் வாசல்ல நீங்க வந்து எல்லாரும் கேக்க என்னைத் திட்டணுமாம். எனக்கு நடிக்க வராதுன்னேன். உங்களுக்கு நடிப்பு ஒண்ணும் இல்ல, எங்க அண்ணன் திட்டத் திட்டக் கேட்டுக்கிட்டு நின்னாப் போதும்ங்கறா. வாங்க மச்சான். முதல் பஸ்ஸுக்கே வந்துருங்க. நீங்க என் முகத்தைப் பாத்துப் பேசி எத்தனை வருஷமாச்சு. நல்லா வாய் விட்டுத் திட்டுங்க, சீக்கிரம் முடிச்சுராதீங்க.